கரையும் கறையும்: வெள்ளச் செய்திகளில் மயங்கொலிச் சொற்கள்



காலடிப்பேட்டையில் கூடிய அவையில் ஒலி மயக்கத்தைப் பற்றிப் பேச முன்னுரை தேட வேண்டியதில்லை. ஊரின் பெயரே முன்னுரையாக அமைந்திருக்கிறது. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் காலத்தில் நெசவாளரைக் குடியேற்றி அமைத்த ஊர் இது. ஆவணங்களில் காலெட் பேட்டை என்று எழுதப்பெற்ற பெயர் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. காஞ்சி வரதரை வழிபடக் கால்நடையாகவே சென்று வந்த அலுவலர் ஒருவர், அவர் பக்தியைக் கண்டு ஆளுநர் இங்கேயே கட்டுவித்த வரதராசப் பெருமாள் கோயில் எனச் செவிவழிக் கதை ஒன்றும் உண்டு. நடந்து தேய்ந்த கால்கள் அக்கதையில் இருப்பதால் 'காலடி' என்னும் சொல் இன்னும் ஆழமாகப் பதிந்துவிட்டது. பொருள் விளங்காத அயற்பெயரை நாக்கு ஏற்பதில்லை. தனக்குத் தெரிந்த சொல் ஒன்றை அதன்மேல் போர்த்திக்கொள்கிறது. இங்கு அதனால் எவர்க்கும் தீங்கு நேரவில்லை. ஓர் அழகிய ஊர்ப்பெயர் கிடைத்தது. எல்லா மயக்கமும் இவ்வாறு நன்மையில் முடிவதில்லை என்பதே இவ்வுரையின் பொருள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நாளேடுகளிலும், தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் வரிகளிலும், கைப்பேசியில் வந்து விழும் செய்திகளிலும் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஏரி, கரை, மதகு, உபரிநீர், தூர்வாருதல், கடலரிப்பு, முகத்துவாரம், தூண்டில் வளைவு. வெள்ளத்தைத் தடுக்கவும் வடிக்கவும் மனிதர் செய்யும் செயல்களைக் குறிக்கும் சொற்கள் இவை. தமிழின் மயங்கொலி எழுத்துகளான ர-ற, ல-ள-ழ, ந-ன-ண ஆகியவை இச்சொற்களில்தாம் மிகுதியாக வந்து உட்கார்ந்திருக்கின்றன.

நாநுனி அண்ணத்தை ஒற்றும்போது றகர னகரங்களும், அண்ணத்தை வருடும்போது ரகர ழகரங்களும் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் பிரித்துக் காட்டியது. ஒற்றுதலும் வருடுதலும் வெவ்வேறு தொழில்கள். இன்றைய பேச்சில், சிறப்பாக வடதமிழ்நாட்டுப் பேச்சில், தனி றகரமும் ரகரமும் ஒன்றாகிவிட்டன. காதால் கேட்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. கண்ணால் கண்டு நினைவில் வைத்தலே வழி. ஆகவே இப்பிழைகளைக் கல்லாமையின் அடையாளமாகக் கொள்ளுதல் தவறு. காதுக்கு உண்மையாக எழுதியவர் கண்ணுக்குப் பிழைத்துவிடுகிறார். அவ்வளவே.

வெள்ளத்தை 'வெல்லம்' என்று எழுதுவது பள்ளிக்கூடத்து நகைச்சுவை. வீட்டிற்குள் வெல்லம் புகுந்தது என்று படிப்பவர் சிரித்துவிட்டு வெள்ளம் என்றே பொருள் கொள்வார், இடர் இல்லை. 'ஏறி நிறம்பியது' என்பது சற்று நுட்பமானது. ஏரி என்பது பெயர்; ஏறி என்பது வினையெச்சம். நீர்மட்டம் உயரும் செய்தியில் இரண்டுமே ஒரே வரியில் வர இடமுண்டு: ஏரியில் நீர் ஏறி வருகிறது. அடுத்து நிற்கும் வினைச்சொல்லில் மொழியே ஒரு கண்ணி வைத்திருக்கிறது. 'நிறைந்தது' என்பதற்கு வல்லின றகரம். அதே பொருளுடைய 'நிரம்பியது' என்பதற்கு இடையின ரகரம். ஒன்றைச் சரியாகக் கற்றவரே மற்றொன்றில் தவறுவார். நிறம் என்னும் சொல் வேறு இடையில் வந்து நின்று வழி மறிக்கிறது. 'மறிக்கிறது' என்பதில் றகரம் தவறினால் என்ன ஆகும் என்பதைக் கவிஞர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, தலைப்பில் உள்ள இணைக்கு வரலாம்.

கரை என்பது நீரின் எல்லை. ஏரிக்கு மனிதர் கட்டியது; ஆற்றுக்கும் கடலுக்கும் இயற்கை இட்டது. கறை என்பது படிந்த அழுக்கு, குற்றம். வேட்டியின் ஓரத்தில் இருக்க வேண்டியது கரை. நடுவில் இருக்கக்கூடாதது கறை. (கட்சிக் கரை வேட்டிகள் அச்சில் 'கறை வேட்டி' ஆகிவிடும்போது அதைப் பிழை என்று உறுதியாகக் கூற முடியாத சூழலும் அரசியலில் வந்துவிடுகிறது.) இவ்விரு பொருள்களையும் எல்லோரும் அறிவர். கறை என்பதற்கு வரி, இறை என்னும் பொருளும் பழந்தமிழில் உண்டு என்பது புலவர்க்கன்றிப் பிறர்க்கு அவ்வளவாகத் தெரியாது. கறையிறுத்தல் என்றால் வரி செலுத்துதல்.

இங்கே ஆங்கிலத்தை ஒரு கணம் திரும்பிப் பார்க்கலாம். வெள்ளத் தடுப்புக் கரையை ஆங்கிலத்தில் 'லெவீ' என்பர். வரி விதிப்பை 'லெவி' என்பர். 2005 இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரைத் தாக்கி, கரைகள் உடைந்து நகரின் பெரும்பகுதி மூழ்கியது. அந்நிகழ்ச்சிக்குப் பின் உலகெங்கும் வழங்கத் தொடங்கிய சொல் லெவீ. அதனை வரியைக் குறிக்கும் சொல்லோடு மயங்கி எழுதுவது ஆங்கிலச் செய்தியாளர்க்கும் உள்ள இடர்ப்பாடே. இரண்டும் எழுப்புதல், உயர்த்துதல் என்னும் பொருளுடைய ஒரே பிரெஞ்சு வேரிலிருந்து பிறந்தவை. மண்ணை உயர்த்தினால் கரை, பணத்தை எழுப்பினால் வரி. தமிழிலோ கரையும் கறையும் உறவில்லாத சொற்கள். ஆயினும் ஆங்கிலத்தில் எந்த இரு பொருள்கள் ஒலியால் மயங்குகின்றனவோ, அதே இரு பொருள்களும் தமிழில் ஒலியால் மயங்குகின்றன. தற்செயல்தான், எனினும் வியப்புக்குரிய தற்செயல்.

பொருளளவில் இவ்விணைப்புத் தற்செயலும் அன்று. கரை நிற்க வேண்டுமானால் கறை இறுக்க வேண்டும் என்பதைச் சோழர் காலத்து ஊரவைகள் அறிந்திருந்தன. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரியைக் காக்கவென்றே குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவ்வாரியத்தினர். ஏரி ஆயம் என்னும் வரிப்பெயரும் சோழர் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. ஏரி வாரியம் என்பதில் உள்ள வாரியத்தை, ஏரியை 'வாரிய' என்னும் வினையோடு சேர்த்துப் பொருள் கொள்ள இன்றைய மாணவர் சிலர் முயல்வதுண்டு. பிழைதான், ஆனால் தள்ளிவிட மனம் வராத பிழை.

வடசென்னையில் இவ்விணை நேரடியாகவே கண்முன் வந்தது. 2017 சனவரி 28 ஆம் நாள் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கரையொதுங்கிய கருங்குழம்பை வாளிகளால் அள்ளினர். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் மழையின்போது மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசத்தலையாற்று முகத்துவாரத்தை அடைந்தது. படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் படிந்தது. அந்நாள்களில் 'கரையில் எண்ணெய்க் கறை' என்பது எவ்வகை மயக்கமும் இல்லாத செய்தி. 'கறையில் எண்ணெய்க் கரை' என்று எவரேனும் தட்டச்சு செய்திருந்தாலும் எண்ணூர் மக்கள் சரியாகவே படித்திருப்பர்.

தூர் என்னும் சொல்லில் வரும் குழப்பம் இதனினும் பொல்லாதது. ஏரியின் அடியில் படியும் வண்டல் தூர்; அதனை அள்ளி அகற்றுதல் தூர்வாருதல். வாருதல் என்பது அள்ளுதல். 'தூர்வாறுதல்' என்று வல்லினம் இடுவது அன்றாடப் பிழை. அது எளிதில் திருந்தும். ஆனால் 'தூர்த்தல்' என்று தனியே வந்தால் பொருள் நேர் எதிராகிவிடுகிறது. கிணற்றைத் தூர்த்தான் என்றால் மண்ணிட்டு மூடினான் என்பதே பொருள். 'கால்வாய் தூர்க்கும் பணி தொடக்கம்' என்று சுருக்கமாக எழுதப்படும் தலைப்பு, கால்வாயை மூடும் பணிக்கு நல்வரவு கூறுகிறது. பக்கிங்காம் கால்வாயின் பல இடங்களில் கழிவும் மண்ணும் சேர்ந்து தூர்ந்துபோயிருப்பதையும், எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததையும் கண்டவர்கள், இத்தலைப்பை அச்சுப் பிழை என்று ஒதுக்குவார்களா, உண்மைச் செய்தி என்று நம்புவார்களா என்பது ஐயத்திற்குரியது. 'தூர்ந்தது', 'தூர்வாரப்பட்டது' என முழுச்சொல்லாக எழுதிவிட்டால் இடர் நீங்கும்.

கழி என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நெய்தல் திணைப் பாடல்களைக் கற்றவர்க்குக் கழி என்றதும் நினைவுக்கு வருவன உப்பங்கழியும் கானலும் நெய்தற்பூவுமே. இன்றைய செய்தி வாசகர்க்குக் கழி என்றதும் கழிவு நினைவுக்கு வருகிறது. கழிமுகம் என்னும் அழகிய சொல்லை இதழ்கள் கைவிட்டு முகத்துவாரம் என்றே எழுதுவதற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உபரிநீர் என்பதிலும் கவனம் வேண்டும். மிகுதி என்னும் பொருளுடைய உபரி வடசொல். உவரி என்பது உவர்நீரையும் கடலையும் குறிக்கும் தமிழ்ச்சொல். புழல் ஏரியின் உபரிநீர் மணலி, சடையங்குப்பம் வழியாக வந்து எண்ணூரருகே உவரியோடு கலக்கிறது. பூண்டியின் உபரிநீரும் கொசத்தலையாறு வழியாக அங்கேயே வந்து சேர்கிறது. கடல் ஏற்றமாக இருக்கும் வேளையில் உவரி உபரியை உள்ளே விடாது. அந்நேரத்தில் எவ்வளவு நீர் திறக்கப்பட்டது என்னும் செய்தியே தாழ்வான தெருக்களில் இருப்போர்க்கு முதன்மையானது. அச்செய்தியில்தான் மிகப் பெரிய மயக்கம் நிகழ்கிறது.

'ஏரியிலிருந்து ஆயிரம் கன அடி நீர் திறப்பு' என்று வரும். கன அடி என்பது நீளம், அகலம், உயரம் ஒவ்வோர் அடியாக அமைந்த கொள்ளளவு. கனம் என்பதைக் 'கணம்' எனப் பிழையாகத் தட்டுவது மிகுதி. அப்பிழையில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கணம் என்றால் நொடி. மதகிலிருந்து வெளியேறும் நீரைக் கூறும்போது விட்டுப்போவது அந்த நொடிதான். ஏரியில் இருக்கும் நீரைக் கொள்ளளவால் கூற வேண்டும். ஓடும் நீரை ஒரு நொடியில் எத்தனை கன அடி என்று கூற வேண்டும். நின்ற நீருக்கு ஒரு கணக்கு, நடக்கும் நீருக்கு ஒரு கணக்கு.

2015 திசம்பர் முதல் நாள், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. அன்றும் மறுநாளும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. இதில் 'வினாடிக்கு' என்னும் ஒரு சொல்லை நீக்கிப் பார்க்க வேண்டும். வெறும் 29,000 கன அடி என்பது ஏறத்தாழ 8.2 இலட்சம் லிட்டர். கோடைக் காலத்தில் காலடிப்பேட்டைத் தெருக்களுக்கு வரும் 9,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் நிரப்பினால் சுமார் 90 லாரிகள் போதும். தொண்ணூறு லாரி நீருக்கு எவர் வீட்டை விட்டு வெளியேறுவார்? 'வினாடிக்கு' என்று சேர்த்தால், அதே நீர் ஒரு மணி நேரத்தில் 10 கோடியே 44 இலட்சம் கன அடி ஆகிறது. ஒரு நாள் முழுதும் அவ்வாறே ஓடினால் இரண்டரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3,645 மில்லியன் கன அடி, அதாவது மூன்றரை டி.எம்.சி.யைச் சற்றே கடந்ததுதான். ஒரு சொல் விடுபட்டால் ஒரு நதி மறைந்துவிடுகிறது. இது எழுத்துப் பிழையைவிடக் கொடிய பிழை. ஏனெனில் சொற்கள் அனைத்தும் சரியாகவே எழுதப்பட்டிருக்கும்.

'உடைந்தது', 'வழிந்தது' என்பவற்றை மாற்றி எழுதுவதும் இவ்வகையினதே. கரை வழிதல் வேறு, கரை உடைதல் வேறு. ஏரி உடைந்துவிட்டது என்னும் வதந்தி 2015 இல் சென்னையில் மக்களை ஓடவைத்தது. ஏரிக்குக் கலிங்கல் வைத்தவர்கள் நீர் வழிவதற்கென்றே அதனை வைத்தார்கள். கலிங்கல் வழிவது ஏரி நலமாக இருப்பதன் அறிகுறி. அதனைச் சிற்றூரில் விழாவாகக் கொண்டாடுவர்.

கடற்பக்கம் திரும்பினால் வடசென்னைக்கே உரிய சொற்கள் சில எதிர்ப்படுகின்றன. சென்னைத் துறைமுகத்தின் செயற்கைத் தடுப்புச் சுவர்களுக்கு 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாக நகர்ந்துவந்த மணல் அச்சுவர்களால் தடைப்பட்டது. தென்புறம் மெரினாவில் மணல் அகன்றது. வடபுறம் இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. இதுவே கடலரிப்பு. 'அரித்தல்' எத்தனை வீட்டுச்சொல்! அரிசியை அரிப்பர், மரத்தைச் செல் அரிக்கும், கடல் கரையை அரிக்கும். மூன்றிலும் சிறிது சிறிதாக, ஓசையின்றி, நிறுத்தாமல் என்னும் பொருள் உண்டு. இதனை 'கடல் அறிப்பு' என்று எழுதிவிட்டால் கடல் ஏதோ அறிவிக்க வந்தது போலாகிவிடுகிறது.

அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கடலுக்குள் நீட்டி அமைக்கும் கட்டுமானத்திற்குத் தூண்டில் வளைவு என்று பெயர். கட்டுமானத்தின் வடிவைக் கண்டு, கையில் இருக்கும் கருவியின் பெயரால் சுட்டிய இச்சொல்லுக்கு நிகரான கலைச்சொல்லைக் குளிரூட்டிய அறையில் உருவாக்க இயலாது. வளைவை 'வலைவு' என்று எழுதுவோர், தூண்டிலுக்கு அருகில் வலை இருப்பதே இயல்பு என்று எண்ணிவிடுகின்றனர் போலும். தூண்டில் வளைவின் தெற்கே மணல் சேரும். அடுத்த வடபுறத்தில் அரிப்பு மிகும். ஒரு குப்பத்தின் காப்பு அடுத்த குப்பத்தின் இழப்பாக மாறக்கூடும் என்பதால், எந்த வளைவுக்கு வடக்கே, எதற்குத் தெற்கே என்பதைச் செய்தியில் பிழையின்றி எழுதுவது எழுத்திலக்கணத்தைவிட முதன்மையானது.

சூரை என்பது மீன். சூறை என்பது சுழற்காற்று, கொள்ளையும் ஆகும். திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் அமைந்தபின் இவ்விணை இப்பகுதியில் நாளும் புழங்குகிறது. சூறைக்காற்று வீசும் நாளில் சூரை பிடிக்கச் செல்லக்கூடாது. றகரம் இடம் மாறினால் துறைமுகமே கொள்ளைக்கு உரியதாகிவிடும்.

'கரையைக் கடத்தல்' என்பதோ எழுத்துப் பிழையே இல்லாத மயக்கம். ஆறு கரை கடந்தது என்றால் நீர் வெளியேறி ஊருக்குள் வந்தது என்பது பொருள். புயல் கரையைக் கடந்தது என்றால் கடலிலிருந்து நிலத்திற்குள் புகுந்தது என்பது பொருள். ஆயினும் 'கடந்தது' என்றதும் இடர் கடந்தது என்று ஆறுதல் கொள்வது கேட்பவர் இயல்பு. மிக்சாம் புயல் 2023 திசம்பர் 5 ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. சென்னை அதற்கு முன்னரே, 3, 4 ஆம் நாள்களிலேயே, மூழ்கியிருந்தது. கடக்காத கரையில்தான் வெள்ளம் நின்றது.

கவிஞர்கள் நிறைந்த அவையில் ஒரு வேறுபாட்டைக் குறித்தல் வேண்டும். கரையையும் கறையையும் ஒரே அடியில் வைத்து விளையாடுவது சிலேடை. அது கவிஞரின் உரிமை. ஒரு சொல் இரு பொருள் தருவது கவிதைக்கு வளம். எச்சரிக்கைக்கு அதுவே கேடு. இரவு பதினொரு மணிக்கு முழங்கால் அளவு நீரில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவர்க்குச் சிலேடையைச் சுவைக்கும் நேரம் இராது. இப்பகுதிக் கவியரங்குகளில் வெள்ளம் பாடுபொருளாகாத ஆண்டு அரிது. பாடுவோர் தம் தெருவுக்கு வரும் எச்சரிக்கை அறிவிப்பை ஒருமுறை படித்துத் திருத்திக் கொடுப்பாராயின் அதுவும் தமிழ்ப்பணியே.

இறுதியாக, ஒற்றியூர். ஒற்றி என்றால் அடைமானம். ஊரையே இறைவன் ஒற்றியாகக் கொண்டதாகப் பாடிய மரபு உண்டு. தலபுராணம் கூறுவது வேறு. ஊழிப் பெருவெள்ளம் எழுந்தபோது இறைவன் அதனை விலகியிருக்கச் செய்தான், வெள்ளத்தை ஒற்றியதால் ஒற்றியூர் ஆயிற்று என்பது அது. தமிழகத்தில் வெள்ளத் தடுப்பையே பெயராகக் கொண்ட ஊர் வேறு உண்டோ என்று தேடிப் பார்க்கத் தக்கது. அரணாக நின்றவன் அரன் என்று இங்கே எழுதினால் பிழை காண இயலாது. காற்று காத்து ஆவது போல, பேச்சில் ஒற்றி ஒத்தி ஆயிற்று. எண்ணூரில் வெள்ளத்திற்கும் புயலுக்கும் தடுப்பாக நிற்கும் அலையாத்தி மரத்தின் பெயரையும், அலையை ஆற்றுவதால் அலையாற்றி என்று இவ்வழியிலேயே சிலர் விளக்குவர். ஆத்தி மரப்பெயரோடு சேர்ப்பாரும் உளர். ஒத்தி என்றானபின் ஒத்திவைத்தல் என்னும் சொல் அருகில் வந்து அமர்ந்துகொண்டது. இன்று கோயிலுக்கு வருவோர் பலர், ஊழி வெள்ளத்தை இறைவன் ஒத்திவைத்த தலம் என்றே கதை சொல்கின்றனர். விலக்கினான் என்பதற்கும் நாள் தள்ளி வைத்தான் என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதன்று.

அக்கோயிலின் மூலவரான ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுதும் கவசத்தால் மூடப்பட்டிருப்பார். கார்த்திகை முழுநிலவை ஒட்டிய மூன்று நாள்கள் மட்டுமே கவசம் திறக்கப்படும். பருவமழை வலுத்திருக்கும் காலம் அது. கவசத் திறப்பைக் காண வரிசையில் நிற்பவர்களின் கைப்பேசிகளுக்குப் புழல் ஏரித் திறப்புச் செய்தியும் அந்நாள்களிலேயே வந்து சேர்கிறது. பல வேளைகளில் 'வினாடிக்கு' என்னும் சொல் இல்லாமல்.